நீர்நாய் மீது ஒரு புகார்

தகர வாளி உருண்ட சத்தத்தில் அலுவலகமே துள்ளி விழுந்தது.

மாடிப்படியின் உச்சியில் கிளம்பிய வாளி, ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டு, கீழே இரும்புக் கதவில் மோதித்தான் வாயை மூடியது. அதற்குள் ஃபினாயில் வாசனை மாடிக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. அதன் பின்னால், முழங்கை வரை நனைந்த சட்டையும் கையில் தேய்க்கிற பிரஷ்ஷுமாக வந்து நின்றார் காவலர்.

"மன்னிச்சுக்குங்க மேடம். கை வழுக்கிடுச்சு. விடியற்காலையிலேர்ந்து தேய்ச்ச கை."

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் சோப்பு. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குக் காவல் இருந்துவிட்டு, போன மாதம்தான் இங்கே மாற்றலாகி வந்தவர். வந்த அன்றே ஜீப்பின் சக்கரத்துக்கு உள்பக்கம் வரை துடைத்தவர்.

மேடம் தலை நிமிரவில்லை. வட்டார மீன், வன உயிரின வாழிடப் பாதுகாப்புக் குழுவின் தலைவி அவள். பெயர்ப்பலகையில் இத்தனை நீளமாக எழுதி வைத்திருந்தும் தெருவில் எல்லோருக்கும் அது மீன் ஆபீஸ்தான். அவ்வப்போது யாராவது பையோடு படியேறி வந்து, "இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" என்று கேட்பார்கள். அவளும் சளைக்காமல், "வந்திருக்கு, ஆனா எல்லாம் ஓடையிலேயே இருக்கு" என்று சொல்லி அனுப்புவாள்.

இன்றைக்கு அந்த விளையாட்டுக்கெல்லாம் நேரமில்லை. தலைமை அலுவலகத்து டைரக்டர் வந்துகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஊருக்குப் பின்னால் ஓடும் ஓடையின் இரண்டு கரைகளிலும் கான்கிரீட் சுவர் எழுப்ப ஒரு திட்டம் தயாராகிவிட்டது. மண் தள்ளும் இயந்திரம் பாலத்துக்குப் பக்கத்தில் வந்து, வாயைத் திறந்தபடி நிற்கிறது. டைரக்டர் கையெழுத்துப் போட்டால் வேலை ஆரம்பம். அவர் போடாமல் இருக்க மேடத்திடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. நீர்நாய்! எத்தனையோ வருஷம் கண்ணில் படாத நீர்நாய் இந்த ஓடைக்குத் திரும்பி வந்து குடியிருக்கிறது என்று அவள் குழு அடித்துச் சொன்னது. கேமராவில் விழுந்த ஒரு படத்தையும் அனுப்பியது.

படத்தைப் பார்த்துவிட்டு டைரக்டர் போன் செய்தார். "இது நனைஞ்ச நாய்."

"சார், மீசையைப் பாருங்க சார்."

"எங்க வீட்டு நாய்க்கும் மீசை இருக்கும்மா. நானே நேர்ல வர்றேன். தடயத்தை என் கண்ணால பார்க்கணும். இருந்தா சுவர் வேலையை நிறுத்திடறேன். இல்லேன்னா அன்னைக்கே கையெழுத்து."

மேடம் கவலைப்படவில்லை. தடயம் தாராளமாக இருந்தது. பாலத்தடியில் தட்டைத் தட்டையாக நாலைந்து பாறைகள். நீர்நாய்கள் அவற்றைத்தான் கழிப்பிடமாக வைத்திருந்தன. செதிலும் முள்ளும் கலந்த கறுத்த எச்சம் பாறை பாறையாகக் கிடக்கும். 'இது எங்க இடம், மத்தவங்க எட்டிப் போங்க' என்று நீர்நாய் எழுதி வைக்கும் அறிவிப்பு அது. ஆய்வாளர் பெண் தினமும் போய் அதை நலம் விசாரித்துவிட்டு வருவாள். ஒரு செதிலைப் பார்த்தாலே மீனின் வயது, ஊர், சாப்பாடு எல்லாம் சொல்லிவிடுவதால் அவளுக்குப் பெயரே செதில்.

"அப்படி என்ன தேய்ச்சீங்க?" என்றாள் மேடம், கோப்பைப் புரட்டிக்கொண்டே.

"பாறையைத்தான் மேடம்."

புரட்டிய தாள் பாதியில் நின்றது.

"எந்தப் பாறை?"

"பாலத்தடிப் பாறை. நேத்து நீங்கதானே சொன்னீங்க, டைரக்டர் வர்றார், ஓடைப் பக்கமெல்லாம் பார்க்கிற மாதிரி இருக்கணும்னு. போய்ப் பார்த்தா, சொல்லவே கூசுது மேடம். பாறை முழுக்க அசிங்கம். எந்த ஜந்து வேலையோ!"

எதிர் மேஜையில் செதில் மெல்ல எழுந்தாள். 

"டைரக்டர் அதுல காலை வச்சா யாருக்குக் கெட்ட பேரு? ரெண்டு தடவை ஃபினாயில் ஊத்தி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, வாளி வாளியாத் தண்ணி விட்டுட்டேன். இப்ப அந்தப் பாறையில தட்டே இல்லாம சாப்பிடலாம்."

"அண்ணே," என்றாள் செதில், அழுகையும் சிரிப்புமாக. "நீங்க கழுவினது அசிங்கம் இல்லண்ணே. சாட்சி!"

"சாட்சியா? வாசம் அப்படி இல்லையேம்மா."

"மிச்சம் ஏதாவது இருக்கா?" மேடத்தின் குரல் கெஞ்சியது. "ஒரு மூலையில? ஒரு இடுக்குல? கொஞ்சூண்டு?"

சோப்புக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? என் வேலையில மிச்சம்ங்கிற பேச்சே கிடையாது."

மேடம் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். சாட்சியை எதிராளி அழிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். சொந்த ஆபீஸே ஃபினாயில் ஊற்றி அழித்ததை எங்கே போய்ச் சொல்வது?

அந்த நேரம் பார்த்து டைரக்டரின் ஓட்டுநர் போன் செய்தார். "டீ குடிக்க நிறுத்தியிருக்கோம் மேடம். குடிச்ச கையோட வந்துடுவோம்."

"நல்லா மெதுவாக் குடிக்கச் சொல்லுங்க," என்று போனை வைத்தாள். பிறகு இருவரையும் பார்த்தாள். "இந்தக் கழுவின கதை இந்த அறையைத் தாண்டக் கூடாது. முக்கியமா எங்க மாமாவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்."

சொல்லி முடிக்கவில்லை, கீழே இரும்புக் கதவு அதிர்ந்தது.

"இந்த ஆபீசுக்குப் பொறுப்பான அதிகாரி யாராவது இருக்காங்களா, இல்லையா?"

"வந்துட்டார்," என்றாள் மேடம்.

அவளுடைய மாமனார் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். சிவப்பு விளக்கைக் காட்டி ஊரையே நிறுத்தி வைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு, இனி எந்தச் சிவப்புக்கும் தான் நிற்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். அதிலும் மருமகள் காட்டுகிற சிவப்பு என்றால் கேட்கவே வேண்டாம். குடை எடுத்துக்கொண்டு போங்க மாமா என்றால் மழையில் நனைந்து வருவார். வெயில், வெளியே போகாதீங்க என்றால் அந்த நேரத்தில்தான் அவருக்குச் செருப்புத் தைக்கிற வேலை வரும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் நாளைக்கு ஒரு சண்டையாவது போடாமல் தூங்கியதில்லை.

மாமனார் படியேறி வந்தார். இரண்டு கையாலும் ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிப் பிடித்திருந்தார். மேலே ஈரத் துண்டு போர்த்தியிருந்தது.

"வாங்க மாமா. உட்காருங்க."

"நான் மாமாவா வரல. புகார்தாரரா வந்திருக்கேன்."

"சரிங்க சார். உட்காருங்க சார்."

"மாமான்னே கூப்பிடு. சார்னா வயசாயிட்ட மாதிரி இருக்கு." பேசினை அவள் மேஜையில், கோப்பின் மேலேயே வைத்தார். "போயிட்டா. மகாராணி போயிட்டா."

மேடத்துக்குத் திக்கென்றது. வீட்டுக் கொல்லையில் அவர் கட்டியிருக்கும் மீன் தொட்டியில் மகாராணிதான் பெரியவள். நல்ல சிவப்பு. மாமனார் விரலைத் தண்ணீரில் வைத்தால் வந்து முத்தம் கொடுப்பாள். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிக் கொஞ்சியதில்லை என்று மாமியார் சொல்வாள்.

"எப்படி மாமா?"

"நீர்நாய்!" மாமனார் துண்டின் ஒரு ஓரத்தைத் தூக்கினார். சிவப்பாக ஒரு வால் மட்டும் தெரிந்தது. "வாய்க்கால் வழியா வந்திருக்கு. நானே பார்த்தேன். பம்மிப் பம்மி வந்து, விசில் வேற அடிக்குது கழுதை! தலைப்பக்கம் பூராத் தின்னுட்டு வாலை மட்டும் வச்சுட்டுப் போயிருக்கு."

"தடம் இருக்கா மாமா?" மேடம் பாதி எழுந்துவிட்டாள். "ஈர மண்ணுல அஞ்சு விரல் தெரியுதா? நடுவுல சவ்வு தெரியுதா? எச்சம் போட்டிருக்கா?"

"மகாராணி செத்துக் கிடக்கா. நீ எச்சம் போட்டிருக்கான்னு கேக்கறே!"

"வருத்தமாத்தான் இருக்கு மாமா."

"பல்லு தெரியுதே?"

மேடம் உதட்டை இழுத்து மூடிக்கொண்டாள். செதில் பேசினருகே வந்து குனிந்தாள். "ஐயா, கடிச்ச இடத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா? இந்த வால் வந்து…"

சட்டென்று துண்டு விழுந்தது. "தொடாதே. இது சாட்சிப் பொருள். சாட்சியைப் பத்திரமா வச்சுக்கணும்னு உங்க ஆபீஸ்ல யாரும் சொல்லிக் கொடுக்கலையா?"

சோப்பு குனிந்து தன் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டார்.

"என் கோரிக்கை இதுதான்," என்றார் மாமனார். "அந்தப் பிராணியைப் பிடிச்சு ஊருக்கு வெளியில விடணும். இன்னைக்கே."

மேடம் இருவரையும் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனாள்.

"வீட்டுல கண்டிப்பா எச்சம் இருக்கும் மேடம்," என்று கிசுகிசுத்தாள் செதில்.

"அப்புறம் என்ன?" சோப்புக்குத் தெம்பு வந்தது. "நான் ஓடிப்போய் ஒரு முறத்துல அள்ளிட்டு வந்து, பாறையில பழைய மாதிரியே வச்சுடறேன். எங்க எங்க இருந்துச்சுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வரிசையா வச்சுடலாம்."

"அண்ணே!" மேடம் பல்லைக் கடித்தாள். "இடம் மாத்தி வச்சா அது சாட்சி இல்ல, மோசடி. நம்ம கையால அதைச் செய்ய மாட்டோம்."

"அப்ப டைரக்டரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமே மேடம்," என்றாள் செதில்.

"நான் கூப்பிட்டா வருவாரா? மாமனார் வீட்டுல மருமக ஏற்பாடு பண்ணின நாடகம்னு சொல்லிடுவார். வேற யாராவது கூப்பிடணும். என் மேலயே கோபமா இருக்கிற யாராவது." அலமாரி இடுக்கு வழியாக மாமனாரை எட்டிப் பார்த்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த 'அமைதி காக்கவும்' அட்டையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். மேடத்தின் கண்ணில் ஒரு திருட்டுச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

கீழே ஜீப் வந்து நின்றது.

மேடம் முகத்தில் கலவரத்தைப் பூசிக்கொண்டு ஓடி வந்தாள். "மாமா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். எங்க டைரக்டர் வந்துட்டார். இந்த நீர்நாய் விஷயத்தை அவர்கிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. பின்பக்கப் படி வழியா வீட்டுக்குப் போயிடுங்க."

மாமனாரின் புருவம் உயர்ந்தது. "ஏன், சொன்னா என்ன?"

"பிரச்சினை ஆயிடும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ஓஹோ!" என்றார் மாமனார். பேசினைத் தூக்கினார். முன்பக்கப் படியில் இறங்கினார்.

மேடம் செதிலைப் பார்த்துக் கண்ணடித்தாள். "பாரு இப்ப."

டைரக்டர் ஜீப்பிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தார். ஒல்லியான மனிதர், வெளிர் நிறக் கால்சட்டை, முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் காலணி. அந்த ஒரு கால் தரையைத் தொட்டதும் பேசின் அவர் மூக்கடிக்கு வந்துவிட்டது.

"நீங்கதான் இவங்களுக்கெல்லாம் மேலதிகாரியா? நல்லதாப் போச்சு. உள்ளே போகாதீங்க. உள்ளே இருக்கிற அம்மா விஷயத்தை மூடி மறைக்கறாங்க."

"எந்த அம்மா?"

"என் மருமகதான்."

டைரக்டர் மேலே பார்த்தார். மாடி ஜன்னலில் மேடம் தலையில் அடித்துக்கொள்வது போல நின்றாள். டைரக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொந்த மாமனாரே புகார் கொடுக்கிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

"எங்கே உங்க வீடு?"

"நாலு எட்டு. ஏறுங்க ஜீப்புல," என்று டைரக்டரை அவர் ஜீப்பிலேயே ஏற்றினார் மாமனார்.

வீட்டுக் கொல்லையில் மாமியார் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஜீப்பிலிருந்தும், பின்னாலேயே குழுவின் வண்டியிலிருந்தும் ஆட்கள் இறங்குவதைப் பார்த்ததும் கையில் இருந்த துணியைக் கொடியில் எறிந்துவிட்டு வேகமாக வீட்டுக்குள் போனாள்.

ஆம்பல் இலை மூடிய தொட்டி. அதைத் தாண்டி, மதில் சுவருக்கடியில் மழைநீர் வாய்க்கால் போகிற துவாரம். அதில் போட்டிருந்த கம்பி ஒன்று வளைந்திருந்தது. டைரக்டர் பேசினைப் பார்க்கத் துண்டைத் தூக்கினார். உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்டுவிட்டார்.

"கையைக் கழுவணும். குளியலறை எங்கே?"

மாமியார் குளியலறை வாசலிலேயே நின்றிருந்தாள். கதவை முதுகால் அணைத்திருந்தாள். "அங்க வேண்டாங்க! குழாய் ரிப்பேர்."

உள்ளே சளப் என்று ஒரு சத்தம்.

"தண்ணி வருதே?"

"அதான் ரிப்பேர். அதுவாத் திறந்துக்குது, அதுவா மூடிக்குது. நீங்க தோட்டத்துக் குழாய்ல கழுவுங்க."

"அத்தை, காலைல நான் குளிச்சப்போ நல்லாத்தானே இருந்தது?" என்றாள் மேடம்.

"நீ போன பிறகுதான் கெட்டுது. எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லிட்டா கெடணும்?"

அதற்கு மேல் கேட்க மேடத்துக்கு நேரமில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் போயிருந்த செதில், "மேடம்! மேடம்!" என்று கூவினாள்.

மாமனார், மாமியார் தவிர எல்லோரும் பின்கதவு வழியாக ஓடினார்கள். வாய்க்கால் ஓடையில் சேருகிற இடத்தில் ஒரு பெரிய சிமெண்ட் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் உதட்டில் கறுப்பாக, ஈரமாக, புத்தம் புதிதாக எச்சம். செதில் மண்டியிட்டு, காணாமல் போன நகை கிடைத்தது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சேற்றில் குழாயிலிருந்து தண்ணீர் வரை பாதம் பாதமாகத் தடம். ஐந்து விரல். நடுவில் சவ்வு. பெரிய பாதத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக இன்னும் இரண்டு வரிசை.

மேடம் சோப்பின் காதில், "இதை எப்படி விட்டீங்க?" என்றாள்.

"இது நம்ம எல்லை இல்ல மேடம். குழாய் நகராட்சியோடது. அவங்க இடத்தைக் கழுவ எனக்கு என்ன அதிகாரம்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக மேடம் எல்லைக் கல்லுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

டைரக்டர் குனிந்து தடத்தைப் பின்தொடர்ந்தார். ஓடைக் கரையில் சாய்ந்த ஒரு மரம். அதன் வேருக்கடியில் இருட்டாக ஒரு வளை. அவர் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தார். உள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம். அடுத்த நொடி தண்ணீர் பிளந்து, தட்டையான தலை ஒன்று மீசையோடு எழுந்தது. வாயில் ஒரு மீன். அது டைரக்டரை மேலும் கீழும் பார்த்தது. ஆளைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, முகத்தில் தண்ணீர் தெறிக்க ஒரு முழுக்குப் போட்டது. வளை வாசலில் இரண்டு குட்டித் தலைகள் எட்டிப் பார்த்து, மோதிக்கொண்டு, உள்ளே போயின.

டைரக்டர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கால்சட்டை வெளிர் நிறமாக இருந்த காலம் முடிந்தது.

"நனைஞ்ச நாயா சார்?" என்று மேடம் மெதுவாகக் கேட்டாள்.

"நான் படத்தைத்தான்மா சொன்னேன்," என்றார் டைரக்டர், குழந்தை மாதிரி சிரித்தபடி. பிறகு மூக்கை உறிஞ்சினார். "ஆமா, பாலத்துப் பக்கமிருந்து ஆஸ்பத்திரி வாசம் அடிக்குதே?"

சோப்பு வேறு பக்கம் பார்த்தார். செதில் இன்னொரு பக்கம் பார்த்தாள். மாமனார் கொல்லையிலேயே நின்றுவிட்டதை மேடம் உறுதி செய்துகொண்டாள்.

"மறைக்க விரும்பல சார். உங்களுக்குக் காட்ட வேண்டிய எச்சமெல்லாம் பாலத்தடிப் பாறையிலதான் இருந்தது. நீங்க வர்றீங்கன்னு, நாங்களே ஃபினாயில் ஊத்திக் கழுவிட்டோம்."

டைரக்டர் காவலரின் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இவரை எங்க ஆபீசுக்கு அனுப்ப முடியுமா? எங்க மூணாவது மாடியை வந்து பாருங்க, யாரும் தொடவே மாட்டேங்கிறாங்க."

மேடத்துக்கு மூச்சு வந்தது. ஆனால் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்ட டைரக்டர் அடுத்துச் சொன்னது அந்த மூச்சை அப்படியே நிறுத்தியது.

"இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஒரு யோசனை. உங்க மாமனாரே பிடிச்சுட்டுப் போகச் சொல்றார். பிடிச்சு, மேல் ஓடையில விட்டுடலாம். பொதுமக்கள் புகார்னு காரணமும் கைவசம் இருக்கு. இங்க சுவரும் கட்டிக்கலாம். ரெண்டு பக்கமும் சந்தோஷம்."

மேடத்துக்குக் கால் சேற்றில் இன்னும் கொஞ்சம் புதைந்தது. தன் புத்திசாலித்தனம் தன் தலையிலேயே வந்து விழுந்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. மாமாவைத் தூண்டிவிட்டது யார்? அவள்தான். அவர் கேட்பது என்ன? பிடித்துக்கொண்டு போகச் சொல்லித்தான்.

"சார், குட்டிங்க ரொம்பச் சின்னது. பிடிச்சா பிழைக்காது."

"அதைப் புகார்தாரர்கிட்ட சொல்லுங்க. அவர் புகாரை வாபஸ் வாங்கினா நானும் யோசிக்கறேன்."

மாமா வாபஸ் வாங்குவதாவது! அவள் கேட்டால் இரண்டாவது புகாரும் கொடுப்பார்.

கொல்லையில் மாமனார் தொட்டிக் கரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சுடலாங்க," என்றார் டைரக்டர். "வலை, கூண்டு எல்லாம் வரவழைக்கணும். அவ்வளவுதான்."

"சந்தோஷம். பிடிச்ச பிறகு வேற நீர்நாய் வராதே?"

டைரக்டர் சற்றுத் தயங்கினார். "இடம் காலியானா… வேற ஒண்ணு வரத்தான் செய்யும்."

"அப்போ அதையும் பிடிப்பீங்க."

"பார்க்கலாம்."

"சரி, ஏதோ சுவர் கட்டப் போறீங்களாமே. கட்டினா ஓடையில மீன் பெருகுமா?"

"எப்படிப் பெருகும்? கரையோரக் கல்லும் வேரும் இருந்தாத்தானே மீன் முட்டை போடும்?" என்று டைரக்டர் வாத்தியார் தோரணையில் ஆரம்பித்தார். "கான்கிரீட் வந்துட்டா…" சொல்லிக்கொண்டு போனவர் பாதியில் நிறுத்தினார்.

"வந்துட்டா மீன் குறையும்," என்று மாமனார் எடுத்துக் கொடுத்தார். "குறைஞ்சா, வர்ற நீர்நாய்க்குப் பசிக்கும். பசிச்சா அது எங்க போகும் சார்?"

டைரக்டரின் கண் தானாகவே தொட்டியைப் பார்த்தது.

"ஆக, அரசாங்கச் செலவுல சுவர் கட்டி, என் தொட்டிக்கு விருந்தாளி அனுப்பப் போறீங்க! இந்தத் தெருவில எத்தனை வீட்டுல தொட்டி இருக்கு தெரியுமா? எல்லாரும் என்னை மாதிரிப் பொறுமையா ஒரு பேசினோட வர மாட்டாங்க. நானே திரட்டிக் கூட்டிட்டு வரேன். உங்க ஆபீஸ் எந்த மாடி?"

"மூணாவது," என்று உளறிவிட்டார் டைரக்டர். பேசின் பேசினாகத் தலை போன மீன்கள் தன் மேஜைக்கு வரிசையில் வருவது அவர் கண்முன் தெரிந்தது. "இருங்க, இருங்க. அதெல்லாம் வேண்டாம். ஓடை இப்படியே இருந்தா அதுக்கு அங்கேயே வயிறு நிரம்பும். இங்க வராது."

"அப்போ இப்படியே இருக்கட்டும்."

"உங்க புகார்?"

"சுவரும் இல்ல, புகாரும் இல்ல. ஆனா என் மருமக பேச்சைக் கேட்டு நான் வாபஸ் வாங்கினேன்னு எங்கேயும் சொல்லிடாதீங்க. எனக்கு மரியாதை இருக்கு."

டைரக்டர் அங்கேயே, துணிக்கொடிக்குக் கீழே நின்று போன் செய்து, பாலத்துப் பக்கம் நின்ற இயந்திரத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ஓடைக்கரை முழுவதையும் காப்பிடமாக அறிவிக்கக் கடிதம் வரும் என்று மேடத்தின் கையைக் குலுக்கினார். சேறு காய்ந்த கால்சட்டையோடு ஜீப்பில் ஏறி, காவலரை மறக்காமல் இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் மேடத்துக்குத் தன் சாமர்த்தியம் இனித்தது. "பார்த்தியா செதில்? சொல்லாதீங்கன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். மனுஷர் தானா ஓடிப்போய்ச் சொன்னார்! மாமாவுக்கு எந்தப் பொத்தானை அமுக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

"ஆமா மேடம்," என்றாள் செதில்.  பிறகு, "மேடம், நம்ம ஓடைக்கும் கடலுக்கும் ரொம்ப தூரமோ?"

"ரொம்பவே தூரம். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்," என்று செதில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மேடம் வீட்டுக்கு வந்தபோது மாமனார் தொட்டிக் கரையில் உட்கார்ந்து, வாய்க்கால் துவாரத்துக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். தன் தந்திரம் பலித்தாலும் அவருக்கு மகாராணி போனது போனதுதானே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, மகாராணி மாதிரி வராதுதான். இருந்தாலும் வேற ஒரு சிவப்பு மீன் வாங்கிட்டு வரட்டுமா?"

மாமனார் கம்பியை இன்னொரு தட்டுத் தட்டினார். பின்னால் குளியலறைக் கதவு திறந்தது. மாமியார் இரண்டு கையாலும் ஒரு வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். "நாள் பூரா குளிக்க விடாம அடிச்சாச்சு. நகரு," என்று மருமகளை இடித்துக்கொண்டு போய், வாளியைத் தொட்டியில் கவிழ்த்தாள். சிவப்பாக, கொழுகொழுவென்று, தலையோடு வாலோடு மகாராணி தண்ணீரில் விழுந்து, ஒரு வட்டம் சுற்றிவிட்டு, மாமனாரின் விரலைத் தேடி வந்தாள்.

மருமகள் குனிந்து, தலை நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்தாள்.

மாமனார் விரலைத் தண்ணீரில் ஆட்டியபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"அடுத்த தடவை பாறைக்கு ஃபினாயில் ஊத்த ஆள் அனுப்பறதா இருந்தா முதல் நாளே சொல்லிடும்மா, காலைல வாக்கிங் போன இடத்துல அதைப் பார்த்துட்டு, சிவப்பா ஒரு கடல் மீனுக்குக் கடை கடையா ஓட இந்த வயசுல என்னால முடியல."